டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை... ஃபைல் பார்க்கிற பொண்ணு!

மே மாதம் ரிசல்ட் வரும் நாளில், தமிழ்நாட்டு வரைபடத்தில் பெரம்பலூரும் அரியலூரும் திடீரென்று பெரிதாகிவிடும். 2023-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.67 சதவிகிதத்துடன் மாநிலத்திலேயே முதலிடம் பெரம்பலூர் மாவட்டம். 2024-ல் அதே பத்தாம் வகுப்பில் 97.31 சதவிகிதத்துடன் முதலிடம் அரியலூர். 2025 பிளஸ் டூ தேர்விலும் 98.82 சதவிகிதத்துடன் அரியலூர்தான் முதலில் நின்றது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற ஒரு மாவட்டம். சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் முந்திரித் தோப்பும் நிறைந்த இன்னொரு மாவட்டம். 'பின்தங்கிய பகுதி' என்று பல காலம் சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப்போன வருடங்கள் அவை.

டி.வி. கேமராக்கள் கிளம்பிப்போன பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான் மிஞ்சும். 'அடுத்து என்ன படிக்கிறது?'

பயாலஜி எடுத்த பிள்ளைகளின் வீட்டில் அதற்குப் பெரும்பாலும் இரண்டே பதில்கள். டாக்டர்... இல்லையென்றால் நர்ஸ். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது, அரியலூருக்கும் ஒன்று கிடைத்தது. அதில் ஆண்டுக்கு 150 இடங்கள். அதற்கும் மாநிலம் முழுக்கப் போட்டி. அந்த வாசலுக்குள் நுழைய முடியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரி என்றாலே ஊசி, ஸ்டெதஸ்கோப் மட்டும்தானா?

அதே 2022-ல் பிளஸ் டூ முடித்த, செந்துறைப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்திக்கும் இதே கேள்வி வந்தது. அப்பா சிமென்ட் லோடு ஏற்றும் லாரி ஓட்டுநர். அம்மா, சீசனில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் மீடியம்.

செந்துறைப் பக்கத்தில் டாக்டர் படிப்பு என்று பேச்செடுத்தாலே குழுமூர் அனிதாவின் பெயர் நினைவுக்கு வராமல் போகாது. பிளஸ் டூ-வில் 1200-க்கு 1176 எடுத்தும், நீட் மதிப்பெண்ணால் இடம் கிடைக்காமல், 2017-ல் அந்த ஊர் இழந்த பெண். அரியலூர் மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான். அதனால் இந்த வீட்டிலும் நீட் ரிசல்ட் வந்த அன்று, மகளின் மதிப்பெண் என்ன என்று அம்மா கேட்கவே இல்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ராத்திரி மகள் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே பேச்சை ஆரம்பித்தாள். "அம்மா, டாக்டர் இல்லன்னா ஒண்ணுமே இல்லன்னு ஆயிடாது. எனக்கு வேற ஒண்ணு படிக்கணும்."

அந்த 'வேற ஒண்ணு'தான் பி.எஸ்சி. மெடிக்கல் ரெக்கார்டு சயின்ஸ். தமிழில் சொன்னால், மருத்துவ ஆவணவியல். உலகம் முழுக்க இப்போது 'ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்' என்று அழைக்கப்படும் துறையின் வாசற்படி.

சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "மெடிக்கல் ஷாப்பா?" என்றார் ஒருவர். "ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுக்குற வேலையா? அதுக்கு எதுக்குப் பட்டப் படிப்பு?" என்றார் இன்னொருவர். "கல்யாணத்துக்குக் கேட்டா பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு சொல்றது?" என்பது பெரியம்மாவின் கவலை.

ஒரு வரி தொலைந்த கதை

அவள் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தாத்தா.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சிரைப்பு என்று தாத்தாவுக்கு ஏழெட்டு வருடங்களாக வைத்தியம். எல்லாச் சீட்டுகளும் ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாள், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., மருந்துக் கடை பில், நடுவில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ்கூட. தமிழ்நாட்டில் பாதி வீடுகளின் மருத்துவ ஆவணக் காப்பகம் அந்த மஞ்சப்பைதானே? வீட்டில் படித்த பிள்ளை அவள் என்பதால், பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது அவள் வேலை.

ஒருமுறை ஓர் ஊசி போட்டதும் தாத்தாவுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. 'இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது' என்று டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கோ தொலைந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, நடு ராத்திரியில் மூச்சுத்திணறலோடு வேறோர் ஊரில் வேறோர் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, அந்த விஷயத்தைச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. அதே வகை மருந்து மறுபடியும் ஏறியது. பணியில் இருந்த நர்ஸ் உடனே கவனித்ததால் தாத்தா பிழைத்தார். ஆனால், அந்த ராத்திரியை அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது, ஆக்ஸிஜன் இருந்தது. இல்லாமல் போனது ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சரியான நேரத்தில் சரியானவர் கண்ணில் படும்படி வைத்திருப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று பயாலஜி ஆசிரியை சொன்னபோது, அவளுக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். செந்துறையிலிருந்து அரியலூர், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் பெரம்பலூர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால், 'புதுமைப்பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வந்தது. அது பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் சரியாக இருந்தது.

பகுதி, விகுதி தெரிந்தால் பாதி படிப்பு முடிந்தது!

முதல் வருடம் புத்தகத்தைத் திறந்ததும் அவள் பயந்துதான் போனாள். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்கள் பற்றிய அறிமுகம், கணினி, புள்ளியியல். எல்லாமே ஆங்கிலம். அதிலும் 'மெடிக்கல் டெர்மினாலஜி' என்ற பாடத்தில் வந்த வார்த்தைகளை வாயில் நுழைப்பதே பெரும்பாடு.

அவளைக் காப்பாற்றியது தமிழ் இலக்கணம். 'படித்தான்' என்ற சொல்லை படி + த் + த் + ஆன் என்று பிரிக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்கள் அல்லவா... மருத்துவச் சொற்களும் அப்படித்தான். கடைசியில் 'ஐடிஸ்' என்று வந்தால் அழற்சி. 'எக்டமி' என்று வந்தால் வெட்டி எடுத்தல். முன்னால் வருவது உறுப்பின் பெயர். 'ஹெபட்' என்றால் கல்லீரல். ஆக, ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. 'ஹிஸ்டர்' என்றால் கருப்பை; ஹிஸ்டரெக்டமி என்றால் கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை. பகுதி, விகுதி பிரிக்கத் தெரிந்தவளுக்கு இது கைவந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு நீளமான வார்த்தையைப் பிரித்துச் சொன்ன அன்றுதான், 'ஓ... ஏதோ படிக்கத்தான் செய்யுது' என்று தெருவில் ஒரு மரியாதை வந்தது.

அடுத்து வந்தது, ஆவணம் என்கிற அந்தப் பெரிய கடல். ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆனதும் அவருடைய ஃபைல், எம்.ஆர்.டி. எனப்படும் மருத்துவ ஆவணப் பிரிவுக்கு வரும். அதை அப்படியே தூக்கி அலமாரியில் வைக்க முடியாது. தாள்களை வரிசைப்படுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு நோயாளியின் ஒப்புதல் கையெழுத்து இருக்கிறதா, மயக்க மருந்து கொடுத்தவரின் குறிப்பு இருக்கிறதா, டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஃபைல் திரும்ப வார்டுக்கே போகும். 'டாக்டர்கிட்ட போய், நீங்க கையெழுத்துப் போடலைன்னு சொல்ற தைரியம்தான் முதல் பாடம்' என்பது அந்த வகுப்பில் சீனியர்கள் சொல்லும் ஜோக்.

ஃபைலை அடுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 45-27-36 என்று ஒரு நோயாளியின் எண் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் 36. அந்த எண்ணுள்ள அலமாரிக்குப் போய், அதில் 27-வது பிரிவைத் தேடி, அதற்குள் 45-வது ஃபைலை எடுக்க வேண்டும். ஏன் இப்படித் தலைகீழாக? வரிசையாக அடுக்கினால் புது ஃபைல்கள் எல்லாம் ஒரே மூலையில் குவியும். வேலை செய்பவர்கள் எல்லோரும் அங்கேயே முட்டி மோதுவார்கள். கடைசி எண்ணை வைத்து அடுக்கினால் 100 பிரிவுகளிலும் சமமாகப் பரவும். கம்ப்யூட்டர் வந்த பிறகும், காகித ஃபைல் இருக்கும்வரை இந்தக் கணக்கு மாறாது.

இவ்வளவுக்கும் அடிப்படை, நோயாளியின் பெயர். நம் ஊரில் அதுதான் பெரிய தலைவலி. ஒரே கிராமத்தில் நாலு செல்வி, ஆறு ராஜேந்திரன். போன தடவை அப்பா பெயரின் முதலெழுத்து, இந்தத் தடவை கணவர் பெயரின் முதலெழுத்து. ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். வயதோ, 'ஒரு அம்பது இருக்கும் சார்' என்ற அளவில்தான். இப்படி ஒருவருக்கே இரண்டு ஃபைல் உருவாவதும், இருவருக்கும் ஒரே ஃபைல் ஆவதும் எவ்வளவு ஆபத்து என்பதைத் தாத்தாவின் பேத்திக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாம்புக் கடிக்கு இரண்டு எண்

இரண்டாம் வருடத்தில் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது ஐ.சி.டி. எனப்படும் சர்வதேச நோய் வகைப்பாடு. உலகத்தில் உள்ள ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் ஓர் எண். ரத்த அழுத்தம் என்றால் 'ஐ 10'. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் 'இ 11'. மக்காச்சோளக் காட்டில் வேலை செய்தவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வையுங்கள். அதற்கு இரண்டு எண்கள். உடம்புக்குள் விஷம் செய்த வேலைக்கு 'டி 63.0'. அது எப்படி நேர்ந்தது என்பதற்கு 'எக்ஸ் 20'. பெரம்பலூர் வழியாகப் போகும் சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் பைக்கில் போய் அடிபட்டால், உடைந்த எலும்புக்கு ஓர் எண், விபத்து நடந்த விதத்துக்கு ஓர் எண்.

எதற்கு இத்தனை எண்கள்? ஒரு டாக்டர் 'ஹைபர்டென்ஷன்' என்று எழுதுவார், இன்னொருவர் 'ஹெச்.டி.என்.' என்பார், மூன்றாமவர் 'பி.பி.' என்பார். மூன்றும் ஒன்று என்று எண் சொல்லிவிடும். அப்படி எண்ணினால்தான் எந்த ஒன்றியத்தில் பாம்புக்கடி அதிகம், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து கூடுதலாக இருக்க வேண்டும், சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் நுரையீரல் நோய் கூடுகிறதா குறைகிறதா என்று பேச முடியும். எண்ணாத நோய்க்கு மருந்து வராது.

இந்த எண்ணும் வேலைக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. கிரிமியப் போரில் 'விளக்கேந்திய சீமாட்டி'யாகப் புகழ்பெற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், போர் முடிந்த பிறகு பிடிவாதமாகக் கேட்டது இதைத்தான். எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் புள்ளிவிவரம் வைக்க வேண்டும் என்று 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்குத் திட்டம் அனுப்பினார். 1893-ல் பிரான்ஸின் ஜாக் பெர்டில்லான், மரணக் காரணங்களை வகைப்படுத்திய பட்டியலை வெளியிட்டார். 1948-ல் அந்தப் பொறுப்பு உலக சுகாதார நிறுவனத்திடம் வந்தது. இப்போது 11-வது பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 17,000-க்கும் மேற்பட்ட நோய் வகைகள்.

அதற்கும் முன்னால் நம் ஊர் இருக்கிறது. 11-ம் நூற்றாண்டில், இன்றைய அரியலூர் மாவட்டத்து கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக்கொண்டு ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டம் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் இருக்கிறது. அங்கே நடந்த ஆதுலசாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள் இருந்ததையும், வைத்தியர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் முதலானோருக்கு என்ன ஊதியம், என்னென்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்பதையும் அது வரிசையாகச் சொல்கிறது. எழுதிவைத்ததால்தான் ஆயிரம் வருடம் கழித்தும் அந்த 15 படுக்கைகள் நமக்குத் தெரிகின்றன.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அரியலூரே சாட்சி. 1956 நவம்பர் 23 அதிகாலை, மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அடித்துச்செல்லப்பட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடினால், புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறது. நூற்று நாற்பதுக்கும் மேல் என்பது மட்டும் உறுதி. அந்த எண்களுக்கு இடையிலான வித்தியாசம் ஒவ்வொன்றும் ஒரு மனிதர்.

'ஹார்ட் நின்னுபோச்சு' என்பது காரணமா?

மூன்றாம் வருடத்தில் சட்டமும் மருத்துவமனைப் புள்ளியியலும். 100 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் 30 நாளுக்கு 3,000 படுக்கை நாள்கள். அதில் 2,400 நாள்கள் நோயாளிகள் இருந்திருந்தால், படுக்கைப் பயன்பாடு 80 சதவிகிதம். மரண விகிதத்தில்கூட இரண்டு கணக்கு. மொத்த மரணங்கள் ஒன்று. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு நடந்த மரணங்கள் இன்னொன்று. கடைசி நிமிடத்தில் கொண்டுவரப்பட்டவரையும் பத்து நாள் வைத்தியம் பார்த்தவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்காக.

மரணச் சான்றிதழ் பாடம் அவளை மிகவும் யோசிக்கவைத்தது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன்படி மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றில், 'இதயம் நின்றுவிட்டது' என்று மட்டும் எழுதுவது பதிலே அல்ல. சாகும்போது எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். எது அதை நிறுத்தியது, அதற்கு அடிப்படையாக இருந்தது என்ன என்று படிப்படியாகப் பின்னால் போக வேண்டும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு, அதனால் இதயம் நின்றிருந்தால், கணக்கில் ஏற வேண்டியது சர்க்கரை நோய். இன்ஷூரன்ஸ் பணத்திலிருந்து நாட்டின் சுகாதாரக் கொள்கைவரை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதும் வார்த்தைகளை நம்பித்தான் இருக்கின்றன.

அத்தை கேட்ட உதவி

நான்காம் வருடம் பயிற்சி. ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.டி. பிரிவில். அங்கேதான் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பரீட்சை அவளுக்காகக் காத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன அத்தை வீட்டுக்கு வந்தார். அத்தை மகளுக்கு வரன் அமைந்திருந்தது. நல்ல இடம், நல்ல வேலை. எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். காபி குடித்துவிட்டு, அவளைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார்.

"ஏன் பாப்பா, நீ அந்த ஆஸ்பத்திரியிலதான இருக்க? மாப்பிள்ளைப் பையன் ரெண்டு வருஷத்துக்கு முந்தி அங்கதான் ஒரு வாரம் படுத்திருந்தானாம். காய்ச்சலுன்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. ஃபைலை ஒரு தடவை பாத்துச் சொல்லிடு. காதோட காது வெச்சமாரி. யாருக்கும் தெரியாது."

அத்தையின் பயத்தில் தப்பு சொல்ல முடியுமா? பெற்ற மகளின் வாழ்க்கை. அலமாரியோ அவள் கைக்கெட்டும் தூரத்தில். எண் தெரிந்தால் இரண்டு நிமிட வேலை.

ஆனால், நோயாளியின் விவரம் நோயாளிக்குத்தான் சொந்தம் என்பது அவள் படித்த படிப்பின் முதல் விதி. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அதே ஆண்டின் ஹெச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று வகுப்பில் வரிசையாகப் படித்திருக்கிறாள். கொல்லைப்புறத்தில் அத்தை முன்னால் நின்றபோது சட்டம் எதுவும் வாயில் வரவில்லை. அவளுக்குத் தோன்றியது வேறு. நாளைக்கு இவளுடைய ஃபைலை எவளோ ஒருத்தி இப்படித் திறந்து பார்த்தால்?

"அத்தை, நான் பாக்க மாட்டேன். கோச்சுக்காதீங்க. அவங்ககிட்டயே நேராக் கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு செக்கப் பண்ணிக்கலாம்னு சொல்லுங்க. இப்பல்லாம் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"சொந்த அத்தை மவளுக்கு இல்லாத சட்டமா?" என்று எழுந்து போன அத்தை, ஒரு மாதம் போன்கூட எடுக்கவில்லை. அம்மாவுக்கு வருத்தம். "பாத்துட்டு எனக்கு மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாம்ல..."

அப்பாதான் அன்று மகள் பக்கம் நின்றார். "லாரியில ஏத்தின சரக்கு, ஓட்டுறவனோடதா? வழியில பிரிச்சுப் பாக்குறவன்கிட்ட எவன் லோடு குடுப்பான்?" என்றார். நாலு வருடம் படித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டாரே என்று மகளுக்கு ஆச்சர்யம்.

பிறகு அத்தை நேராகவே கேட்டார். என்ன பதில் வந்தது என்பது அந்த இரண்டு வீட்டு விஷயம். அவளுக்கும் தெரியாது, அந்த ஃபைலை அவள் இன்றுவரை திறக்கவில்லை.

வேலை கிடைக்குமா?

பெற்றோர்கள் கேட்கும் அடுத்த கேள்வி இது. இந்தப் படிப்புக்கு இரண்டு வாசல்கள்.

ஒன்று, மருத்துவமனைகள். எம்.ஆர்.டி., இன்ஷூரன்ஸ் பிரிவு, தரச் சான்றுக்கான ஆவணப் பணி, புற்றுநோய்ப் பதிவேடு போன்ற ஆய்வுகள். முதல்வரின் காப்பீட்டுத் திட்டமாக இருந்தாலும் தனியார் பாலிசியாக இருந்தாலும், ஆவணம் சரியில்லை என்றால் பணம் வராது என்பதால், இப்போது மருத்துவமனைகளே இந்த ஆட்களின் அருமையை உணர்ந்திருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மெடிக்கல் கோடிங். அமெரிக்க மருத்துவமனைகளின் ஆவணங்களைச் சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் உட்கார்ந்து படித்து, எண் போடும் வேலை. இதற்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை; உயிரியல் சார்ந்த பட்டதாரிகள் பலரும் வருகிறார்கள். சி.பி.சி. என்ற அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வு இதில் மதிப்பு பெற்றது. 4 மணி நேரம், 100 கேள்விகள், 70 சதவிகிதம் எடுத்தால் பாஸ். ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் என்று இலக்கு இருக்கும். தவறு விழுக்காட்டையும் எண்ணுவார்கள். எளிமையான ஃபைல்களை இப்போது செயற்கை நுண்ணறிவே முடித்துவிடுகிறது. அதனால், எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவருக்குச் சிரமம். உடம்பையும் நோயையும் புரிந்து, இயந்திரம் செய்த தவறைக் கண்டுபிடிப்பவருக்கு வேலை இருக்கும்.

2021-ல் வந்த துணை மற்றும் சுகாதாரப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 'ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட்' துறையைத் தனிப் பிரிவாகவே பட்டியலிட்டிருக்கிறது. பட்டமோ டிப்ளோமாவோ, குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 'மூணே மாசம், நூறு சதவிகிதம் வேலை கியாரன்ட்டி' என்று போஸ்டர் ஒட்டும் இடங்களில் பணம் கட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன்பு கேட்க வேண்டியவை நான்குதான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தோடு இணைந்த படிப்பா? கல்லூரிக்கென்று நோயாளிகள் வந்துபோகிற மருத்துவமனை இருக்கிறதா? பயிற்சி ஆண்டில் உண்மையான ஃபைல்களில் வேலை தருவார்களா, இல்லை டோக்கன் கொடுக்க உட்காரவைப்பார்களா? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கான பதிலைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல், படித்து முடித்தவர்களிடமே கேட்பது நல்லது.

நோயாளிகளுக்கும் ஒரு பாடம்

இந்தப் படிப்பைப் படிக்காதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதில் இருக்கின்றன. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ, அவர் அனுமதித்தவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். கெஞ்ச வேண்டியதில்லை, எழுதிக் கொடுத்துக் கேட்கலாம். விபத்து என்றால் 'ஏ.ஆர். காப்பி' எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகலில் பெயர், தேதி, நேரம், எப்படி அடிபட்டது என்பதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அன்றைக்கே கவனியுங்கள். நஷ்டஈட்டு வழக்கில் பல வருடம் கழித்து அந்த ஒரு தாள்தான் பேசும்.

மஞ்சப்பையிலிருந்து மருந்துக் கடை பில்லையும் ஜெராக்ஸையும் எடுத்துவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரிகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவையுங்கள். முதல் தாளில், பெரிய எழுத்தில், இரண்டே விஷயங்கள்: என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது என்ன மருந்து ஓடுகிறது.

அடுத்த முறை ஆஸ்பத்திரி கவுன்டரில், 'பேரு, வயசு, ஊரு கரெக்டா சொல்லுங்கம்மா. போன தடவை இனிஷியல் என்ன குடுத்தீங்க?' என்று ஓர் இளம்பெண் திரும்பத் திரும்பக் கேட்டால், எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வரி தொலைந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் அவள் நாலு வருடம் படித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.